சாப்பிட்டபின் எழும்பாதவர்கள்

சாப்பிட்டு முடிந்த கையோடு எழும்பியதால் ஒரு கலியாணம் குழம்பப் பார்த்தது. எழும்பியவள் நான்தான். இலண்டனில், ஒரு மெக்சிக்கோக்காரியின் மேசையில், மன்னார் மரியாதையோடு எழும்பினேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் தம்பி றெஜியின் ஒரே மகள் டிலானி, தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ரமோன் என்ற மெக்சிக்கோப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். பெடியனின் தாயும் மூன்று கிழமை விடுமுறையில் இலண்டன் வந்திருந்தார். றெஜி பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வேதக்காரர்தான், பூசைக்குப் போற ஆக்கள்தான். ஆனா என்ன மாதிரிச் சனம் எண்டு தெரியாது. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

முப்பது வருசம் தபால் கந்தோரில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கலியாணத்துக்கு முத்திரை குத்தக் கூப்பிடுகிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது. கம்பளிச் சட்டை இரண்டு வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். தம்பி வீட்டில் முதலில் என் கண்ணில் பட்டது சாப்பாட்டு மேசை. நல்ல மரம், ஆறு கதிரை. அதன்மேல் கவுன்சில் கடிதங்களும் மடிக்காத உடுப்புகளும் குவிந்திருந்தன. சாப்பாடு போடும் கோப்பை ஒன்றுகூட இல்லை. றெஜிக்கு எயார்போட்டில் ஷிப்ட், அவன் மனைவி மெர்சிக்குக் கடையில் வேலை, டிலானிக்கு ஆஸ்பத்திரி. அவரவர் வந்த நேரத்துக்கு மூடி வைத்த கோப்பையை எடுத்துச் சூடாக்கி, குசினியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டில் மூன்று பேரும் மூன்று தீவு.

சனிக்கிழமை ரமோன் என்னைச் சந்தைத் தெரு ஒன்றுக்குக் கூட்டிப்போனான். மெலிந்த, சிரித்த முகம். நடைபாதையில் நின்றே டாக்கோ சாப்பிட்டோம். உள்ளங்கை அளவு சோளரொட்டியில் சுட்ட இறைச்சி, அரிந்த வெங்காயம், கொத்தமல்லி, அதன்மேல் பிழிந்த தேசிக்காய்ப் புளி. நான் முள்ளுக்கரண்டி தேடினேன். ரமோன் திகைத்துப்போய்த் தலையாட்டினான். டாக்கோவை முள்ளால் குத்துவது பெரிய பிழையாம். கையால் எடுத்து, ரொட்டியை நேராகப் பிடித்து, தலையை மட்டும் சரித்துக் கடிக்க வேண்டும். தலை சரியலாம், டாக்கோ சரியக்கூடாது.

இலண்டனுக்கு வந்த நாளிலிருந்து கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு விடுதலை கிடைத்தது. கடைக்காரர் ஒரு பச்சைச் சம்பலைக் காட்டி, "கவனம், உறைக்கும்" என்றார். இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். உறைத்தது, கண்ணீர் வந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. ரமோனும் இரண்டு கரண்டி போட்டு, அவனும் காட்டவில்லை. அந்த நிமிசமே அவனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் முத்திரையை அவ்வளவு மலிவாகக் குத்த முடியுமா? தாயைப் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு விருந்து. கோலியர்ஸ் வுட் பக்கத்தில் ரமோனின் சித்தி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு அதன் குசினியை ரமோனின் தாய் எடுத்துக்கொண்டு தானே சமைத்தார். டிலானிக்கு ஆஸ்பத்திரியில் மாற்ற முடியாத வேலை. நாங்கள் மூன்று பேரும் பூசை முடிந்து புறப்பட்டோம். பாதி வழியில் பஸ் நின்றது. இந்த வண்டி இதற்குமேல் போகாது, எல்லோரும் இறங்குங்கள் என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. காரணம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் என்றால் சாரதியோடு பத்துப் பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். நாங்களும் தூறலில் நடந்தோம்.

"முதல் நாளே முக்கால் மணித்தியாலம் பிந்திப் போறம். என்ன நினைப்பினம்?" என்று றெஜி வழியெல்லாம் புலம்பினான்.

ஒன்றும் நினைக்கவில்லை. நாங்கள் போனபோது ரமோனின் தாய் கையெல்லாம் மாவோடு குசினியிலிருந்து வெளியே வந்தார். "சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்!" என்றார். ரமோன்தான் மொழிபெயர்த்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்கே போய் நிற்பதுதான் அவர்களிடம் சங்கடமாம். வீட்டுக்காரி இன்னும் தலை சீவியிருக்க மாட்டாளாம். எனக்கு ஊருக்குத் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

அவர் பெயர் லூப்பே. எல்லோரும் தோனா லூப்பே என்றார்கள். தோனா என்பது எங்கள் 'அம்மா' போல ஒரு மரியாதைச் சொல். கட்டையான உருவம், கறுத்த அடர்ந்த கூந்தல், உரத்த குரல். எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார். றெஜி தெருத் தபால்பெட்டிமாதிரி விறைத்துப்போய் நின்றான். சுவரில் மாதாவின் படம் ஒன்று இருந்தது. மாநிறமான மாதா. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"அக்கா, மாதா எங்கட நிறம்" என்று என் காதுக்குள் சொன்னான்.

முதலில் ஒரு சூப். பிறகு சோறு வந்தது. தக்காளியில் வேகவைத்த சிவந்த சோறு, தட்டையான கோப்பையில், தன்னந்தனியாக. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கறிக்குக் காத்திருந்தோம். கறி வரவில்லை. மற்றவர்கள் சோற்றைச் சும்மாவே சாப்பிட்டார்கள்.

"கறி முடிஞ்சுபோச்சோ?" என்று மெர்சி கவலையோடு கேட்டாள்.

அவர்களுக்குச் சோறு ஒரு முன்சாப்பாடு. அதற்குப் 'காய்ந்த சூப்' என்றே பெயராம். சோற்றைச் சூப் என்று சொல்லும் சனத்தை நான் அன்றுதான் கண்டேன். இது தெரியாமல் றெஜி இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கி வயிற்றை நிரப்பிவிட்டான். அதற்குப் பிறகுதான் உண்மையான சாப்பாடு வந்தது.

மோலே என்ற அந்தக் குழம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. காய்ந்த மிளகாயில் நாலு வகை, எள், கச்சான் கடலை, பாதாம், கறுவா, கராம்பு, பொரித்த வாழைப்பழம், கருக வறுத்த சோளரொட்டி, எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்து, கடைசியில் ஒரு துண்டு கசப்புச் சாக்லேட் போட்டு, கோழியோடு இறக்கியிருந்தார். கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. முதல் வாயில் இனிப்பு, பிறகு கசப்பு, பிறகு உறைப்பு.

"சாக்லேட்டோ? கறிக்குள்ளையோ?" என்று மெர்சி என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிசம் பார்த்தால், கோப்பையை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி சூடாக வந்துகொண்டே இருந்தது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்த மாவில் சுட்டது. துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்ததும் துணியைத் திரும்ப மூடிவிட வேண்டும், மற்றவருக்கு ஆறிப்போகக்கூடாது. குடிக்கப் பழப்புளித் தண்ணீர். பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போகும்போது எங்களைப் பார்த்து, "புரோவேச்சோ" என்றார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஆட்களுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனால் வீட்டுப் பெண்கள் நின்று பரிமாறுவார்கள். நாங்கள் எழும்பினால்தான் அவர்கள் சாப்பிடலாம். ஆகவே சாப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவதுதான் மரியாதை. கழுவாத கை காயவும் கூடாது. தோனா லூப்பே எங்களோடு இருந்துதான் சாப்பிட்டார். ஆனால் குசினிக்குள் ரமோனின் சித்தி ரொட்டி சுட்டுக்கொண்டே நின்றார். பாவம், பசியோடு நிற்கிறார் என்று எனக்கு மனம் கேட்கவில்லை. கடைசி வாயை விழுங்கியதும் எழும்பிப் போய்க் கை கழுவினேன். நான் எழும்ப மெர்சி எழும்பினாள். றெஜிக்கு மாலை ஷிப்ட், அவன் ஏற்கெனவே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல சாப்பாடு, மெத்தப் பெரிய உபகாரம் என்று சொல்லி, கையைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். தோனா லூப்பே வாசலில் நின்றார். சிரிக்கவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை டிலானி வேலையிலிருந்து அழுத கண்ணோடு வந்தாள். அவள் பேசுவது இங்கிலீஷ். இடையில் 'மாமி' மட்டும்தான் தமிழ். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மாமி, ரமோனின் அம்மா மூன்று நாளாகச் சமைத்தார். நீங்கள் தின்றுவிட்டுப் போய்விட்டீர்கள்! அடுப்பில் கறுவாக் கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவர்கள் பேசுவார்கள். என்னைத் தன் மகனுக்குக் கேட்கத்தான் அவர் அந்த மேசையைப் போட்டார். உங்களுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். வியாழக்கிழமை விமானம். போய்விடுவார், மாமி."

றெஜிக்கு வந்தது கோபம்.

"சாப்பாட்டைச் சாப்பிட்டு நன்றி சொல்லி வந்தது பிழையோ? இதுக்கே முகத்தைத் தூக்கிற ஆக்களோடை எப்பிடிக் காலம் தள்ளுறது? விடுங்கோ அக்கா, இது சரிவராது."

குத்த வந்த முத்திரையால் கடிதத்தையே கிழித்துவிட்டேன் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை தனியாகப் புறப்பட்டு அந்தக் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதா, அழைப்பதா என்று தெரியாமல் ஒரு மூலைக் கதிரையில் இருந்துகொண்டு, வாழையிலையில் பொதிந்து அவித்த தமாலே ஒன்று கேட்டேன். இலையைப் பிரித்ததும் ஆவியோடு எங்கள் இலையப்பத்தின் மணம். உள்ளே இனிப்பு இல்லை, மிளகாயும் கோழியும். சாப்பிட்டு முடித்தேன். கோப்பையை எடுத்தார்கள். பில் வரவில்லை. அரை மணித்தியாலம் போனது, ஒரு மணித்தியாலம் போனது, பில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தை இப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

சுற்றிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் மூன்று பேர் வெறுங்கோப்பியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வரும்போதே அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்களுக்கும் பில் போகவில்லை. கடைசியில் ரமோனின் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நன்றாக இங்கிலீஷ் பேசுவார்.

"நீங்கள் கேட்காமல் நான் எப்படிக் கொண்டுவருவேன்?" என்றார். "அது வெளியே போ என்று சொல்வது அல்லவா?"

சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே இருந்து கதைப்பதற்கு அவர்களிடம் ஒரு பெயரே இருக்கிறது, சோப்ரேமேசா. மேசையை நாங்களும் மேசை என்றுதான் சொல்கிறோம், குசினியைக் குசினி என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் போர்த்துக்கீசன் கொண்டுவந்து தந்தான். இருந்து கதைப்பதை மட்டும் தர மறந்துவிட்டான்.

நான் அவருக்கு எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். நீங்கள் பசியோடு நிற்கிறீர்கள் என்றுதான் எழும்பினேன் என்றேன். அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். ரொட்டி சுட்டபடியே தான் நாலு டாக்கோ தின்றுவிட்டதாகச் சொல்லி, குசினிக்குள் போய்த் தோனா லூப்பேயைக் கூட்டிவந்தார். லூப்பே என் கன்னத்தில் கன்னம் வைத்தார். ஆனால் பட்டும் படாமலும். புதன்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று அழைத்தேன். அவர் தங்கையிடம் ஏதோ சொல்ல, தங்கை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

"வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று கேட்கிறாள்."

சுருக்கென்றது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

"நீங்கள் எழும்புமட்டும்" என்றேன். றெஜிக்குப் புதன்கிழமையும் நாலு மணிக்கு ஷிப்ட் என்பது வாக்குக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலை மேசையிலிருந்த கடிதங்களையும் உடுப்புகளையும் அள்ளி அறைக்குள் போட்டோம். மெர்சி வேலைக்கு லீவு போட்டு நண்டுக் குழம்பும் மீன் பொரியலும் சொதியும் வைத்தாள். ஒரு மணிக்கு அழைத்தோம், ரமோனும் தாயும் இரண்டு மணிக்குப் பூங்கொத்தோடு வந்தார்கள். அந்த நேரத்துக்குத்தான் மெர்சியும் உடுப்பு மாற்றி வந்தாள்.

சோற்றையும் கறியையும் ஒன்றாகவே வைத்தோம். மெர்சி வழக்கம்போல் அகப்பையோடு நின்றாள். தோனா லூப்பே சிலுவை போட்டார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ" என்றாள் மெர்சி.

அவர் சிரித்தார். சாப்பிடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மெர்சியின் முகம் வாடத் தொடங்கியது.

டிலானிதான் மெல்லச் சொன்னாள். "அம்மா, நீங்களும் வந்து இருந்து சாப்பிடும்வரை அவர் தொடமாட்டார்."

"நானோ? நான் பிறகு சாப்பிடுவன்."

"மெர்சி, இரும்" என்றேன். ஒரு கதிரையை இழுத்து விட்டேன். அவள் விளிம்பில், பஸ்ஸில் இருப்பதுபோல் இருந்தாள். தோனா லூப்பே அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கி, மெர்சியின் கோப்பையில் அவரே சோறு போட்டார். நண்டில் பெரிய கால் ஒன்றை எடுத்து வைத்தார். பிறகுதான் தன் கோப்பையில் கை வைத்தார்.

இருபத்தெட்டு வருசமாக அவள் என் தம்பி மனைவி. அவள் விருந்தாளியோடு இருந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். மற்றவர்கள் ஆறின சோறு சாப்பிடுவதைத்தான் இவ்வளவு காலமும் நான் மரியாதை என்று சொல்லிவந்திருக்கிறேன்.

தோனா லூப்பே கையால் சாப்பிட்டார். நண்டின்மேல் தேசிக்காயைப் பிழிந்தார், சொதியிலும் பிழிந்தார். பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டார். நண்டுக் கோதை உடைத்து உறிஞ்சிய சத்தம் எங்களுடையதை மிஞ்சியது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். கை காயத் தொடங்கியது. றெஜி பழக்கத்தில் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். நான் இதை எதிர்பார்த்திருந்தேன். பெரிய கிண்ணத்தில் வெந்நீரும் தேசிக்காய்த் துண்டும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தேன். மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராக இருந்த இடத்திலேயே கையைக் கழுவினோம். யாரும் எழும்பத் தேவையில்லை. தோனா லூப்பே கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல்முறையாக வாய் நிறையச் சிரித்தார்.

கோப்பி வந்தது. மணி மூன்றைத் தாண்டியது. றெஜியின் கண் சுவர்மணிக்கூட்டுக்கும் கோப்பிக்குமாகப் போய்வந்தது. திடீரென்று எழும்பினான். தோனா லூப்பேயின் சிரிப்பு அப்படியே நின்றது. டிலானி தலையைக் குனிந்தாள். நான் கொடுத்த வாக்கு வாசல்வரை நடந்துபோனது.

அங்கேயிருந்து அவன் குரல் கேட்டது. தொலைபேசியில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். "இன்றைக்கு வர முடியாது... இல்லை, உடம்புக்கு வருத்தம் ஒன்றுமில்லை... வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்."

திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தான். "இன்னும் கோப்பி இருக்கோ?" என்று மெர்சியிடம் கேட்டான்.

அதற்குப் பிறகு தோனா லூப்பே பேசினார். இறந்துபோன கணவரைப் பற்றி, ரமோன் சின்ன வயதில் சந்தையில் தொலைந்துபோனதைப் பற்றி, தன் மூட்டுவலியைப் பற்றி. கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. றெஜியும் தன்னுடைய முதல் இலண்டன் மாரிக்காலத்தைச் சொன்னான். எனக்கே அவன் சொல்லாத கதைகள். வெளியே வெளிச்சம் மங்கிய நேரத்தில்தான் அவர் டிலானியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, றெஜியைப் பார்த்துக் கேட்டார். ரமோன் மொழிபெயர்க்க வெட்கப்பட்டான். மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவும் இல்லை.

றெஜி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரமோன் எழும்பிவிட்டான். எழும்புவதுதான் எங்கள் மரியாதை என்று டிலானி அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெரியவர்கள் பேசட்டும் என்று தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினான்.

"எங்கை எழும்பிறாய்?" என்றான் றெஜி, தமிழில். "இரு மகன்."

ரமோனுக்குத் தமிழ் தெரியாது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கதிரையில் இருந்தான்.